நாலு அங்குலம்

பத்திரிகை முகவர் கடையில்
காற்றாடி பாதி திரும்பி நின்றுவிடுகிறது.
மரியநாதன் படிவத்தை என் பக்கம் தள்ளுகிறார்.
நாலு அங்குலம், ஒரு பத்தி, படம் சேர்த்து.
லாபிஸில் யார் செத்தாலும்
இந்த மேசையில் வந்துதான் சுருங்குகிறார்கள்.

"பேரு?"
பூங்காவனம்.
கார்டில் புங்கவனம் என்று இருக்கும்.
பதிய வந்த ஆபீசர் காதில் விழுந்தது அவ்வளவுதான்.

"வயசு?"
கார்டின்படி எண்பத்தொன்பது.
அவள் கணக்கு வேறே.
ஜப்பான்காரன் சைக்கிளில் தோட்டத்துக்குள் வந்த அன்று
முன்பல் நாலும் விழுந்து முளைத்திருந்ததாம்.
அப்பா சயாம் ரயிலுக்குப் போய்த் திரும்பாதபோது
கடைசித் தம்பி இன்னும் வயிற்றில்.
(அந்தத் தம்பிதான் வெளியே காரில் இருக்கிறார்.
இறங்க மாட்டேன் என்கிறார்.)
அம்மாவும் போனபின்
அம்மாவின் நிரையை இவள் எடுத்துக்கொண்டாள்,
அம்மாவின் உளி, அம்மாவின் வாளி,
அம்மாவின் மற்ற நாலு பிள்ளைகள்.

"கணவர்?"
கோடு போடுங்கள்.
கேட்டு வந்த ஒருத்தன்
சின்னதுகளை ஏதாவது ஹோமில் விட்டுவிடலாமே என்றானாம்.
சீனி தூக்கலாக ஒரு வரக்காப்பி கொடுத்து
பஸ் ஏற்றிவிட்டிருக்கிறாள்.

நல்லதை மட்டும் சொல்ல எனக்கு வராது.
கேட்காமல் தம்பியைக் கட்டிக்கொண்டேன் என்று
மூன்று வருஷம் என்னோடு பேசவில்லை.
மீன்தலை மட்டும்
ஒரு வார்த்தையில்லாமல் என் மங்கில் வந்து விழும்.
முதல் பிள்ளை எனக்குத் தங்காமல் போன வாரம்
விடியாத பிரட்டில் என் பேரைக் கூப்பிட்டதும்
"வந்திருக்கா" என்று இவள் குரல் கொடுத்தாள்.
தன் நிரையை முடித்துவிட்டு
என் நிரைக்கு ஓடினாள்.
மண்டோர் வேறு பக்கம் பார்த்து வெற்றிலை மென்றார்.
லயத்தில் நான் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன்.
சாயங்காலம் வந்து
என் காலைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டு
அவள் பேசிய முதல் பேச்சு:
"உன் மரத்துல இன்னைக்குப் பால் நல்லா இறங்குச்சு."
நான் அழுதேன்.
எதற்கு என்று அவள் கேட்கவில்லை.

பிறகு மரங்களைச் சாய்த்துச் செம்பனை நட்டார்கள்.
நாங்கள் டவுனுக்கு வந்தோம்,
ரெண்டு ரூம், பத்துப் பேர், ஒரு குழாய்.
நாலு மணிக்கு எழுந்தே பழகிய உடம்பு
என்ன செய்வதென்று தெரியாமல்
பஸ் நிலையத்தில் நாசி லெமாக் விற்றது.
எழுபத்தெட்டு வரைக்கும்.
அப்புறம் முட்டி விடவில்லை.

நேற்றுப் பந்தலுக்கு ஆ ஹோக் வந்தார்.
தவுக்கே மகன், அவருக்கே எழுபதாகிறது.
கையில் பழைய ஐந்நூற்றைம்பத்தைந்து புத்தகம்.
தவுக்கே சீனத்தில் எழுதியதற்குப் பக்கத்தில்
எழுத்துத் தெரியாத இவள் வரைந்தவை:
கருவாட்டுக்கு ஒரு வால்,
அரிசிக்கு வட்டம்,
அடைத்த கடன் மேல் குறுக்கே ஒரு கீறல்.
கடைசிப் பக்கத்தில் ஒன்றில் மட்டும் கீறல் இல்லை.
"இது எங்க கடை அவங்களுக்குக் குடுக்கணும்" என்றார்.
மூணு வெள்ளி நாற்பது காசு.
பெட்டிக்குள் வைக்கலாமா என்று கேட்டார்.
வையுங்கள் என்றோம்.
காசை அடுக்கி வைத்துவிட்டு
மறுபடி ஒருமுறை எண்ணினார்.

"படம்?"
எல்லாக் கல்யாணப் படத்திலும் ஓரத்தில்
பாதியாக நிற்கிறாள், கையில் தட்டோடு.
இதில்தான் முழு முகம்.
கேமராவைப் பார்க்கவில்லைதான்.
கடைசிப் பந்தியில் யாருக்கோ ரசம் வரவில்லை.

"பிள்ளைகள்?"

பேனாவைக் கேட்டு வாங்குகிறேன்.
முதலில் நாகரத்தினம் என்று என் பேரை எழுதுகிறேன்.
பிறகு கன்னியம்மா, சின்னத்தம்பி, இருளாயி,
காரில் இருப்பவர்,
பிறகு அவரவர் வீட்டுப் பெயர்கள்,
கட்டத்தைத் தாண்டி, கோட்டைத் தாண்டி,
படிவத்தின் முதுகுப் பக்கத்துக்கும்.

மரியநாதன் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்க்கிறார்.
"நீங்க தம்பி சம்சாரம்தானே?"

கூடுதல் வரிக்கு எவ்வளவு என்கிறேன்.