லக்கேஜ்

டவுன்ஹால் ரோட்டுப் பழைய சாமான் கடையில்
எடைக்கு எடை போடாததுதான் பாக்கி.
ஏதோ கச்சேரிக் குழுவின் பெயரைச் சுரண்டியதில்
ஒரு 'ள்' மட்டும் தப்பியிருந்தது.
வெள்ளைக் கட்டை ஒன்று அமுக்கினால் எழாது,
நகம் கொடுத்துத் தூக்கிவிட வேண்டும்.
எட்டாயிரம். போனஸில் பாதி.
மீதிப் பாதியை முழுப் போனஸ் என்று
வீட்டில் கொடுத்தேன்.

டிக்கெட் மெஷின் வந்ததிலிருந்து
விரல்களுக்குப் பாதி உத்தியோகம் போச்சு.
எச்சில் தொட்டுக் கிழித்துக் கிழித்து
பத்தொன்பது வருஷம் ஓடியவை.
சும்மா இருக்கிற விரல்
வம்புக்குப் போகும்.

எல்லீஸ் நகர் வீட்டில் வாசித்த முதல் ஞாயிறு
கீழ்வீட்டு முகைதீன் மாடியேறி வந்து
"யாருக்கும் முடியலையா?" என்றார், நிஜமான கவலையுடன்.
அதோடு அக்கார்டியன் என்னுடன் டூட்டிக்கு வந்தது.

செக்கிங் ஏறுவதற்குள்
எனக்கு நானே ஒரு லக்கேஜ் போட்டுக்கொள்வேன்.
"பெட்டிக்குள்ள என்னய்யா?"
"காத்து சார்."
இன்ஸ்பெக்டர் டிக்கெட்டை இரண்டு தரம் பார்த்துவிட்டு
சேடபட்டியில் இறங்கிப்போனார்.

எழுமலைக்கு மேற்கே, தார் முடிகிற இடத்தில்
நைட் ஹால்ட்.
டிரைவர் ஒச்சப்பனுக்குப் பின்சீட்டு.
எனக்கு, மூன்று மணிக்கு முழிப்பு வந்தால்,
ஓடைப் பாலத்தின் கட்டை.

வலதுகைக்குக் கண் உண்டு.
இடதுகைப் பொத்தான்கள் நாற்பத்தெட்டும்
வாருக்குப் பின்னால், பார்க்க முடியாத பக்கம்.
ஒன்றில் மட்டும் சின்னதாக ஒரு குழி:
அதுதான் ஸி.
அதைத் தடவிப் பிடித்தால் மற்றதெல்லாம் அக்கம்பக்கம்.
லைட் எரியாத வண்டியில், பையின் அடியில்,
ஐந்து ரூபாய்க்கும் இரண்டு ரூபாய்க்கும்
விளிம்பில் வித்தியாசம் தேடிய கைதானே.
இருந்தும் மூன்று மாதம்
அந்தக் குழி என்னை ஏமாற்றியது.

ஓரத்தில் ஒரு பொத்தான், அதற்குச் சுரமே இல்லை.
அமுக்கினால் துருத்தி சத்தமின்றி மூடும்.
வெறும் மூச்சு. புஸ்ஸென்று.
முதல் ராத்திரி அதைக் கேட்டு ஒச்சப்பன்
டார்ச்சோடு வண்டிக்கடியில் படுத்துவிட்டார்.
"ஏர் லீக்குடா! பிரேக் போச்சுடா!"
நான்தான் என்று சொல்ல
கொஞ்சம் நேரமாகிவிட்டது எனக்கு.

ஜெராக்ஸ் புத்தகத்தில் ஏழாம் பாடம்,
மூன்று மூன்றாக நடக்கும் ஒரு மெட்டு.
எட்டு வரி. ஐந்தாவதில் விழுவேன்.
விழுந்து, முதலிலிருந்து.
விழுந்து, முதலிலிருந்து.
நாய்கூட வேறு பாலம் பார்த்துக்கொண்டது.

நாலு நாற்பதுக்கு முதல் நடை.
சம்பங்கி மூட்டைகளோடு ஏறுவார்கள்,
நெற்றி லைட்டை அணைக்காமலே.
பொம்பளைகளுக்கு டிக்கெட் கிடையாது,
மூட்டைக்கு உண்டு.
சில்லறையை எண்ணிக் கையில் வைத்த அங்காயி
என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்:
"நேத்தும் அதே எடத்துலதான் தடுக்குனீக.
ஒங்களுக்கு அங்க மூச்சு முட்டுது.
முன்னாடியே வாங்கிக்கிட்டா என்ன?"

எனக்கு விசில் வாயில் நின்றுவிட்டது.
ஒச்சப்பன் கண்ணாடியில் பார்த்தார்.
அன்று உசிலம்பட்டி வரை
யாருக்கு எவ்வளவு பாக்கி கொடுத்தேனோ!

உண்மைதான். நாலாம் வரி முடிவதற்குள்
துருத்தி கைநீளத்துக்கு விரிந்து கிடக்கும்.
அதற்கு மேல் இழுக்க
இடம் எங்கே இருக்கிறது எனக்கு.

மறுநாள் மூன்று மணி.
ஓடைக்கு அந்தப் பக்கம் சம்பங்கிக் காட்டில்
ஏழு விளக்குகள், வரிசை வரிசையாக நகர்ந்து.
ஆரம்பித்தேன். ஒன்று, இரண்டு.
மூன்றின் நடுவிலேயே திருப்பி
உள்ளே அமுக்கத் தொடங்கினேன்.
நாலு.
காட்டில் விளக்குகள் நின்றன.
ஏழும். எந்தப் பூவுக்கும் குனியாமல்.

மூச்சு மிச்சமிருந்தது.
ஐந்தாம் வரியில் கால் வைத்தேன்,
கடந்துவிட்டேன், கடந்தேவிட்டேன்,
ஆறில், எழவே எழாத அந்த வெள்ளைக் கட்டை
மாட்டிக்கொண்டு ஊளையிட்டது.

இருட்டில் யாரோ சிரித்தார்கள்.
இன்னொருத்தி அதட்டினாள்.
விளக்குகள் குனிந்தன, நகர்ந்தன.
நான் நகத்தால் கட்டையைத் தூக்கிவிட்டு,
குழியைத் தடவி,
முதலிலிருந்து.