கீழூரணிக் கரை, இரவு 9.30, மாதிரி நான்கு

காரைக்குடி. கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடம்.
நேற்றைய ரசத்தின் வாசனை இன்னும் போகவில்லை.
மேசைகளைச் சுவரோரம் தள்ளி
தரையில் மஞ்சள் நாடா ஒட்டினேன்,
நாலு மீட்டருக்கு நாலு மீட்டர்.
இதற்குள் ஓர் ஊரணியும் அதன் நாலு கரையும்
எட்டுக் கோடி ரூபாய்த் திட்டமும் அடங்கும்.

முதலில் வந்தவர் வார்டு உறுப்பினர்.
கண்ணாடியை மாட்டியதும் கேட்டார்,
கல்வெட்டு எந்தப் பக்கம்?
இன்னும் வைக்கவில்லை என்றேன்.
கையை நீட்டித் தடவிப் பார்த்தார்
காற்றில் தன் பெயரின் உயரத்தை.

அடுத்து ஷேர் ஆட்டோ சிக்கந்தர்.
இல்லாத ஹேண்டில்பாரை ஒடித்து
"இந்த முக்குல வண்டி திரும்பாது மேடம்" என்றார்.
அளந்தேன்.
நாற்பது சென்டிமீட்டர் போதவில்லை.

மூன்றாவது பாண்டிச்செல்வி.
ஜவுளிக்கடையில் வேட்டிப் பிரிவு,
பன்னிரண்டு மணி நேரம் நின்றே வேலை.
நாடாவுக்கு வெளியே செருப்பைக் கழற்றினாள்.
வேண்டியதில்லை என்றேன். கேட்கவில்லை.
பகல் இரண்டு மணியை ஓடவிட்டேன்.
கருங்கல் பாவிய நடை, உச்சி வெயில்.
மின்விசிறிக்குக் கீழே, மொசைக் தரையில்,
குதிகாலைத் தூக்கித் தூக்கி
நிழல் தேடி நடந்தாள்.
நாடா முட்டும்போதெல்லாம்
நான் உலகத்தை நகர்த்திக் கொடுத்தேன்.
குறித்துக்கொண்டேன்: மரம், கூடுதலாக ஆறு.

பிறகு இரவு ஒன்பதரை.
கடை சாத்தி அவள் வீடு திரும்பும் நேரம்.
விளக்குகளை நான்தான் நட்டிருந்தேன்,
பன்னிரண்டு மீட்டருக்கு ஒன்று.
சென்னை அலுவலகம் கேட்டபடி
ஆத்தங்குடிப் பூக்கல்லை ஒரே ஒரு படமாக எடுத்து
நாலாயிரம் தடவை ஒட்டியிருந்தேன்.
படித்துறையில் பெஞ்சுகள். தண்ணீரில் நிலா,
சற்றே பெரிதாக.
அழகாக இருந்தது, ஒப்புதல் கிடைக்கிற அழகு.

அவள் நடுப்பாதையில் போகவில்லை.
மதிலை ஒட்டி, தோளை ஒடுக்கி,
பையை முன்பக்கம் இழுத்துக்கொண்டாள்.
பை எதுவும் அவளிடம் இல்லை.

எழுபது அடி. பதினோரு முறை திரும்பிப் பார்த்தாள்.

அவள் பின்னால் நான் யாரையும் வைக்கவில்லை.
மாதிரியில் மனிதர்களே கிடையாது,
கோப்பு கனமாகிவிடும் என்று.
அவனை அவளே கொண்டுவந்திருந்தாள்.

மென்பொருள் அறிக்கை தந்தது.
தடைகள்: பூஜ்யம். வெளிச்சம்: போதுமானது.
பார்வை பதிந்த இடம் சிவக்கும் படத்தில்
பெஞ்சு நீலம். பூக்கல் நீலம்.
நிலாவும் நீலம்.
சிவப்பு முழுக்க அவள் முதுகுக்குப் பின்னே
ஒரு வெறும் மூலையில்.

"அங்க என்ன இருந்துச்சு?"
"ஒண்ணுமில்ல. அதான்."
கண்ணாடியைக் கழற்றாமலே,
"முத்துராக்கு அண்ணன் புரோட்டாக் கடை எங்க போச்சு?
கொத்துற சத்தம் கேட்டா
பாதித் தூரம் வந்துட்டோம்னு தெரியும்."

அந்தக் கடையை அழித்தது நான்.
'ஆக்கிரமிப்பு' என்ற அடுக்கில் இருந்தது.
ஒரே சொடுக்கு.
தள்ளுவண்டி இரண்டும், இஸ்திரி மேசையும்,
பூ விற்பவர் விரிக்கும் சாக்கும்
அதோடு போயின.

ஒரு சாம்பல் பெட்டி வைத்தேன், கடை என்று.
கைபேசியில் தேடி
கல்லில் இரும்பு தட்டும் சத்தத்தை எடுத்துப்
பெட்டிக்குள் கட்டினேன்.
மறுபடி நடந்தாள்.
நாலு முறை திரும்பினாள்.
எட்டுக் கோடியில் அந்த நாலை
எந்தத் தலைப்பில் எழுதுவது?

அவள் போனபின்
கண்ணாடியின் பஞ்சில் வியர்வை, கொஞ்சம் சாந்துப்பொட்டு.
துடைக்காமல் மாட்டினேன்.
அமைப்புக்குள் போய்ப் பார்த்தால்
கண்மட்டம் ஆறடி ஆணுடையது.
மென்பொருள் அப்படித்தான் வருகிறது,
நான்கு மாதிரியிலும் நான் மாற்றவேயில்லை.
அவள் உயரத்துக்கு இறக்கினேன்.
மதில் எழுந்து நின்றது.
ஊரணித் தண்ணீர் மறைந்துவிட்டது.

கூடத்துக்கு வெளியே யாரோ அண்டாவை உருட்டினார்கள்.
கண்ணாடியோடு திரும்பினேன்.
பூக்கல், பூக்கல், பூக்கல்,
பெரிய நிலா.