வியாழன் மாலை மட்டும்

அந்தக் குழுவில் ஆண்களுக்கு இடமில்லை.
பதினோராயிரம் அம்மாக்கள்,
உலான்பத்தாரின் பதின்மூன்றாம் குடியிருப்பு.
நர்மந்தாக்கின் கையில் எந்நேரமும் மாவு,
அதனால் அவள் பெயரில்
நான்தான் தட்டிக்கொண்டிருக்கிறேன்.

விற்பனைப் பதிவு வியாழன் மாலை மட்டும்.
மீறினால் அட்மின் பக்மா
வாசலைக் காட்டிவிடுவாள்.
முதல் மாதம் ஒரு வியாழன் விடாமல் போட்டேன்:
ஆட்டிறைச்சிப் பூஸ், பைக்கு ஐம்பது,
பால்கனிக் குளிரில் கல்லாய் உறைந்தது,
வீடு தேடி வரும்.
மூன்று லைக்.
அதில் ஒன்று என் மைத்துனி.

பிறகு ஒரு திங்கள் இரவு
எவளோ கேட்டிருந்தாள்,
ரேடியேட்டர் ஏன் கடகடக்கிறதென்று.
பதினாறு வருஷம் வெந்நீர்க் குழாய்களோடு மாரடித்தவன்,
சும்மா இருக்க முடியவில்லை.
காற்று அடைத்திருக்கும் தங்கச்சி,
ஓரத்துத் திருகைக் கால் சுற்று அவிழ்,
அடியில் ஒரு கிண்ணம் வை,
சீறி ஓய்ந்து தண்ணீர் சொட்டினால் மூடிவிடு.
நாற்பத்தொரு இதயங்கள்.
அந்த வியாழன் ஒன்பது பை போயிற்று.

எனக்குப் பிடிபட்டுவிட்டது:
விற்காத ஆறு நாளில்தான்
வியாபாரம் நடக்கிறது.

குழந்தையின் பூட்ஸை இரவில் எங்கே உலர்த்துவது,
புகை இறங்கும் நாளில் சன்னல் இடுக்கை எதால் அடைப்பது,
எந்த மருந்துக்கடை விடியும்வரை திறந்திருக்கும்,
எல்லாம் சொன்னேன், அக்காவாக.
பல் முளைக்கும் பிள்ளைகளைப் பற்றிக் கேட்டால் மட்டும்
சமையலறைப் பக்கம் குரல் கொடுப்பேன்.

ஒரு நோட்டு வைத்திருந்தேன்.
இடப்பக்கம் அந்த வாரம் சொன்ன நல்ல வார்த்தை,
வலப்பக்கம் போன பை.
பார்க்க வெட்கமாகத்தான் இருந்தது.
ஆட்டுக்கறி விலை ஏறியபோது
வெட்கம் கொஞ்சம் இறங்கியது.

ஒரு ராத்திரி இரண்டரை மணிக்கு
தனிச் செய்தியில் உந்த்ரல் என்றொருத்தி.
பிள்ளை அழுகிறது அக்கா,
கேட்கிறது,
எழுந்து போகத் தோணவில்லை,
மூணு நாளாய் இப்படித்தான்.

பக்கத்தில் நர்மந்தாக்கின் குறட்டை.
எழுப்பியிருக்கலாம்.
எனக்கும் அப்படித்தான் இருந்தது என்று எழுதினேன்,
இரண்டாவது பிள்ளையின்போது.
(எங்களுக்கு ஒரே பையன்.
தர்ஹானில் லாரி ஓட்டுகிறான்.)
விளக்கைப் போடு என்றேன், கெட்டிலை வை என்றேன்,
உன் அம்மாவுக்கு இப்போதே போன் பண்ணு,
காலையில் மாவட்ட மருத்துவமனை,
அதுவரை நான் இங்கேதான் இருக்கிறேன்.
இருந்தேன்.
போன் சூடாகிக் கை வியர்த்தது.

பத்து நாள் கழித்து அவள் குழுவில் எழுதினாள்,
பெயரைச் சொல்லி, பத்தி பத்தியாக.
அந்த வியாழன் நூற்றுப் பன்னிரண்டு பை.
பால்கனி துடைத்துவிட்டதுபோல் காலி.
நோட்டை எடுத்தேன்.
இடப்பக்கம் எதையும் எழுத வரவில்லை.

நேற்று கதவு தட்டப்பட்டது.
முகமெல்லாம் பனி ஒட்டிய ஒரு பெண்,
மார்பில் துணியில் சுற்றிய குழந்தை.
அக்கா என்று நர்மந்தாக்கைக் கட்டிக்கொண்டாள்.
இவள் ஒன்றும் புரியாமல்
மாவுக் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே நின்றாள்,
அப்புறம் மெல்ல அவள் முதுகில் வைத்தாள்.
கறுப்புக் கோட்டில் ஐந்து வெள்ளை விரல்.

அவள் போனபின் நான் வாசித்துக் காட்டினேன்,
முதலிலிருந்து, ஒன்றையும் விடாமல்.
நர்மந்தாக் உருட்டுக்கட்டையை நிறுத்தவில்லை.
கடைசியில்தான் கேட்டாள்:
அந்த இரண்டாவது பிள்ளைக்கு
என்ன பெயர் வைத்தாய்?

கையைக் கழுவி வந்து போனை வாங்கிக்கொண்டாள்.
உந்த்ரலுக்குத்தான் ஏதோ எழுதுகிறாள்,
எழுதுகிறாள், அழிக்கிறாள்,
மறுபடி எழுதுகிறாள்.
நான் மாவுப் பலகையின் முன்னால்.
மடித்ததெல்லாம் ஓரம் பிரிந்து கறி கக்குகிறது.
நாளை வியாழன்.