இருபதுக்குக் கீழ்

ரிச்சி தெருவில் கடைப்பையன் கேட்டான்,
எந்த காலேஜ் மேடம், ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டா?
நாற்பத்தொரு வயது எனக்கு.
சைக்கிளுக்குப்பா என்றேன்.
சைக்கிளுக்காம் என்று
உள்ளே யாரிடமோ சொல்லிச் சிரித்துவிட்டு
எண்பத்தைந்து ரூபாய்க்கு
இரண்டு கண் வைத்த சென்சாரைத் தந்தான்.
ஆந்தைக் குஞ்சு மாதிரி இருந்தது.
ஒரு கண் கூவும், மறு கண் கேட்கும்.
கூவல் போய்த் திரும்பும் நேரத்தில்
யார் எவ்வளவு பக்கம் என்று
சொல்லிவிடும்.

கிண்டி எஸ்டேட்டில் பகலெல்லாம்
யாரோ செய்த போர்டுகளுக்குப் பரீட்சை வைப்பவள் நான்.
பாஸ், பாஸ், பாஸ், ஃபெயில்.
இது என் போர்டு.
தீப்பெட்டி அளவு மைக்ரோகன்ட்ரோலரை
சோப்பு டப்பாவுக்குள் உட்காரவைத்து
ஓட்டைகளை எம்-சீலால் அடைத்து
சீட்டுக்கு அடியில், வலதுபக்கம் பார்க்கக் கட்டினேன்.
பின்சக்கரக் கம்பியில்
உடைந்த ஸ்பீக்கரின் காந்தத் துண்டு.
சுற்றுக்கு ஒருமுறை
இரண்டு மீட்டர் பத்து சென்டி
என் கணக்கில் ஏறும்.
அவ்வளவு ஒழுங்காக என் கணக்கில்
வேறெதுவும் ஏறியதில்லை.

முதல் வாரம் திருவிழா.
எம் எழுபது பஸ்: முப்பத்தெட்டு சென்டிமீட்டர்.
தண்ணீர் லாரி: ஐம்பத்தொன்று,
காலில் தெறித்தது தனி.
சாப்பாடு கொண்டுபோகும் பையன்கள் இருபத்தாறு, இருபத்தெட்டு.
பாவம், அவர்களுக்குப் பின்னாலும் ஏதோ ஒரு எண் ஓடிவருகிறது.
ஃபைவ் பர்லாங் ரோட்டில் ஒரு மாடு
எழுபதில் நின்று
நகரவே இல்லை.

கூடவே குப்பையும் வந்தது.
துப்பட்டா பறந்தால் ஒன்பது.
மழைத்துளி மூன்று.
திரும்பப் போகிறேன் என்று நான் நீட்டிய என் கையே
பதினைந்து.
ஆகவே ஒரு வரி எழுதினேன்:
இருபதுக்குக் கீழ் வந்தால் பிழை, தள்ளிவிடு.
எல்லாம் சுத்தமாகிவிட்டது.
வரைபடத்தைப் பார்த்து ஜெசிந்தா
கோலம் மாதிரி இருக்குடி என்றாள்.

செவ்வாய்க்கிழமை,
ரேஸ் கோர்ஸ் சுவரை ஒட்டி
ஒரு பைக், இரண்டு பேர்.
பின்னால் இருந்தவன் கை
என் முதுகில்,
பிறகு முதுகு முடியும் இடத்தில்.
ஹாண்டில் ஆடியது. விழவில்லை.
ஆயுத பூஜை மாலை காய்ந்து தொங்கி
அவன் நம்பரை மறைத்திருந்தது.
காலூன்றி நின்று ஸ்கிரீனைப் பார்த்தேன்.
கடைசித் தூரம்: நூற்று நாற்பத்திரண்டு.
பக்கத்தில், நானே வரைந்து வைத்த
சின்னப் பச்சை வட்டம்.

இரவு மெமரி கார்டை எடுத்துப் படித்தேன்.
நொடிக்குப் பத்து வரி எழுதும் இயந்திரம்
ஏழு ஐம்பத்திரண்டு, பதினான்காவது நொடியில்
ஒன்றும் எழுதவில்லை.
பதின்மூன்று இருக்கிறது.
பதினைந்து இருக்கிறது.
சக்கரத்தின் காந்தம் மட்டும்
ஒரு சுற்று தாமதம் என்று குறித்திருக்கிறது.
அதன் மேல் தப்பில்லை.
ரொம்பப் பக்கத்தில் வருவதெல்லாம் பிழை
என்று சொல்லிக்கொடுத்தவள் நான்தான்.
எனக்கு அதை யார் எழுதிவைத்தார்கள்,
எந்த வகுப்பில், எந்த பஸ்ஸில்
என்று யோசித்தபடி கிளறியதில்
உப்புமா அடிப்பிடித்துவிட்டது.

பதினொன்றரைக்கு அந்த வரியை அழித்தேன்.
இப்போது எல்லாம் வருகிறது.
மூன்று, மூன்று, ஒன்பது, நான்கு.
ராத்திரி உட்கார்ந்து ஒவ்வொன்றாக
நானே பார்க்க வேண்டியிருக்கிறது.
பெரும்பாலும் துப்பட்டாதான்.
ஒரு நாள் தட்டான்பூச்சி என்று நினைக்கிறேன்,
இரண்டு நொடி ஆறிலேயே நின்றது.

சனிக்கிழமை மறுபடியும் ரிச்சி தெரு.
அதே பையன்.
இந்தத் தடவை என்ன மேடம்?
ஹாரன் என்றேன்.
சின்னதாக ஒன்றை எடுத்து வைத்தான்,
கொலுசுச் சத்தம் போட்டது.
மேல்தட்டில் இருந்ததைக் காட்டினேன்.
அது லாரிக்கு வைக்கிறது மேடம்,
சைக்கிள் தாங்காது.
பன்னிரண்டு வோல்ட்டுக்கு
எந்த பாட்டரி என்று மட்டும் சொல் என்றேன்.
இந்த முறை அவன்
உள்ளே திரும்பவில்லை.