படுக்கை ஒன்று

லெ ஆவ்ர் துறைமுகத்தில், மதகுக்குப் பக்கத்து அறையில்,
பதிவேடு எழுதுவது என் வேலை.
ஈராண்டுக்கு ஒருமுறை, நவம்பர் குளிரில்,
வரிக்கு இரண்டு பெயர்.
கலத்தின் பெயர் அப்புறம்தான்.

முதல் ஏடு எனக்கு முன்னிருந்தவர் கையெழுத்து.
ஊதா மை, வலப்பக்கம் சாயும் எழுத்து.
அதில் வரிக்கு ஒரே பெயர்தான்.
காப்பி மூட்டைகள் வந்த தடத்தைத்
தலைகீழாகப் பிடித்துக்கொண்டு
தனித்தனியாகப் போயிருக்கிறார்கள்.
அடுத்த ஏட்டில் ஓர் 'உம்' நுழைகிறது,
அவனும் இவனும் என்று.
ஏன் நுழைந்தது என்று யாரும் குறித்து வைக்கவில்லை.
இரு கை தட்டினால்தான் ஓசை என்பார்கள்.
கடலுக்கு அது தெரியாது,
ஒற்றைக் கையால் இரவெல்லாம் அறையும்.

முடியும் துறை மாறிக்கொண்டே வந்திருக்கிறது:
கொலம்பியா, பிரேசில், கோஸ்ட்டா ரிக்கா, மர்த்தினீக்.
ஒவ்வொரு மாற்றத்துக்கும் எனக்கொரு புது ரப்பர் முத்திரை.
புறப்படும் ஊருக்குப் பழைய முத்திரையே.
அதில் ஒரு எழுத்து தேய்ந்துவிட்டது,
யாரும் புகார் செய்ததில்லை.

ஆர்மெல் கெர்வெல்லாவும் தியெர்ரி ப்ரூவோவும்
மூன்று ஏடுகளில் ஒரே வரி.
மூன்றாவதில் ஒரே வீட்டு முகவரி.
நான்காவதில் வேறு வேறு பக்கம், வேறு வேறு கலம்.
மதகு திறந்த நேரம் அவள் அணியத்தில் நின்று
அவன் பாய்க்கயிற்றைக் காட்டிக் கத்தினாள்:
"அந்த முடிச்சு அவிழும்!"
அவன் திரும்பிப் பார்க்கவில்லை.
ஆனால் அவிழ்த்துக் கட்டினான்.

புயலுக்குப் பயந்து புறப்பாடு தள்ளிப்போன வருடம்
ஆறு நாள் எல்லோரும் மதகுக்கு இந்தப் பக்கம்.
ஆப்பிள் மது தீர்ந்தது, சீட்டுக்கட்டில் ராணி தொலைந்தாள்.
அப்போதுதான் ஜிஸ்லேன் தெபூவா என்னிடம் சொன்னாள்:
"இருவர் போகிறோம் என்கிறார்களே, பொய்.
ஒருவர் விழித்தால் ஒருவர் தூக்கம்.
சாமம் மாறும்போது பார்த்துக்கொள்வோம்,
ஒரு பிஸ்கட் தின்னும் நேரம்.
'உன் முறை' என்பேன். 'சரி' என்பான்.
படுக்கை ஒன்று, பை ஒன்று.
நான் நுழையும்போது அது சூடாகவே இருக்கும்."

அந்த முறை அசோர்ஸுக்குத் தெற்கே
சுழன்று வந்த பருமல் அவள் மணிக்கட்டை முறித்தது.
சரக்குக் கப்பலொன்று அவளை ஏற்றிக்கொண்டது.
ஓதிலோன் மொகாரைத் திரும்பச் சொன்னார்கள்.
வானொலியை அணைத்துவிட்டான்.

இருபத்தாறாம் நாள் ஃபோர்-த-ஃபிரான்ஸிலிருந்து
ஹிலேர் மொந்தூ தொலைபேசினான்.
அங்கே இதே வேலை பார்ப்பவன், அந்தப் பக்கத்து நான்.
"ஒருவன் வந்திருக்கிறான்.
விதிப்படி வரவில்லை.
என்ன எழுத?"
பின்னால் தவளைகளா மழையா, தெரியவில்லை.
"என்ன செய்கிறான்?" என்றேன்.
"ரொட்டி தின்கிறான்.
படுக்கை குளிர்ந்தே தொடங்கும் என்று
இத்தனை வருடம் எனக்குத் தெரியாது என்கிறான்.
நாலு மணிக்கொரு தரம்
'உன் முறை' என்று தானே சொல்லித்
தானே எழுந்தானாம்."

விதி தெளிவானது: இருவர் கோட்டைத் தாண்ட வேண்டும்.
இடம் என்ற கட்டத்தில் ஒரு கோடு இழுத்தேன்.
பெயர்களை அடிக்கவில்லை,
அடிக்கச் சொல்லி யாரும் வரவுமில்லை.

இந்த வருடம் இருவரும் வந்து நின்றார்கள்.
அவள் மணிக்கட்டில் எஃகுத் தகடு,
குளிர் வந்தால் முதலில் அதற்குத்தான் தெரியுமாம்.
இடக்கையால் கையொப்பம் போட்டாள், கோணல்.
அவன் அதைப் பார்த்துச் சிரித்தான், அவள் முறைத்தாள்.
ஓதிலோன் மொகாரும் ஜிஸ்லேன் தெபூவாவும் என்று எழுதினேன்.
பிறகு மதகு திறந்தது.
கலம் வெளியேறும்போதே சண்டை கேட்டது:
கைவிளக்கை யார் எங்கே வைத்தது என்று.