கணக்கு எழுதும் நேரம்

பள்ளத்தூரில் எட்டே முக்காலுக்கு
உமையாள் ஆச்சி நோட்டைப் பிரிப்பார்.
பிள்ளையார் சுழி, தேதி.
நான் தூணை ஒட்டி நின்று சொல்ல வேண்டும்:
பால் ஒன்றரை லிட்டர்.
கதம்பம் முப்பது ரூபாய்.
தேங்காயில் ஒன்று அழுகல்,
மாற்றி வாங்கிவிட்டேன்.
ஒரு ரூபாய் இடித்தாலும்
ஆச்சிக்குப் படுக்கை கொள்ளாது.
எனக்கும்தான் படுக்கை கிடையாது.

என் பாய் இரண்டாங்கட்டுச் சாமான் அறையில்.
சுற்றிலும் ஆச்சியின் கல்யாணச் சீர்:
அண்டா, குண்டான், அடுக்குச் சட்டி,
சுற்றிய தாள் பிரிக்காத எவர்சில்வர் வாளி இருபத்துநாலு.
முப்பத்தைந்து வருஷமாக
ஒரு வேலையும் செய்யாமல்
கௌரவமாக உட்கார்ந்திருக்கின்றன.
நடுவில் நான் ஒருத்திதான்
மணி அடித்தால் எழுந்துகொள்ளும் பாத்திரம்.

மணி என்றால் கோயில் மணி இல்லை.
முட்டி ஆபரேஷனுக்குப் பிறகு
மகன் வாங்கி அனுப்பிய ரிமோட் பெல்.
பட்டன் ஆச்சி தலைமாட்டில்,
பெட்டி என் தலைமாட்டில்.
அமுக்கினால் குருவி கத்தும்.
பத்தேகாலுக்கு: ஃபேனைக் குறை.
பத்தரைக்கு: கூட்டு.
பன்னிரண்டுக்கு: பின்கட்டுக் கதவு பூட்டியாச்சா?
இரண்டு மணிக்கு ஒருநாள்:
"ஒண்ணுமில்ல அடைக்கி,
வேலை செய்யுதான்னு பார்த்தேன்."

நல்ல மனுஷிதான்.
என் மகள் நர்சிங் சேர்ந்தபோது
கேட்காமலே பத்தாயிரம் எடுத்துத் தந்தார்.
அந்தப் பத்தாயிரம்தான்
நான் வாய் திறக்கும்போதெல்லாம்
நாக்கின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது.

டல்லாசில் இருக்கும் சாத்தப்பன் அண்ணனுக்கு
நம் ராத்திரி பதினொன்றுக்குத்தான் சாப்பாட்டு வேளை.
போனைச் சாய்க்காமல் பிடிப்பது என் வேலை.
போன வாரம் பேசிக்கொண்டிருக்கையில்
அங்கே இன்னொரு போன் அலறியது.
அவர் திரும்பியும் பார்க்கவில்லை.
"லஞ்ச் டைம் ஆத்தா. இந்த ஒரு மணி நேரம் என்னோடது.
மேனேஜரே கூப்பிட்டாலும் எடுக்க மாட்டேன்."
ஆச்சிக்குப் பெருமை தாங்கவில்லை.
என் முழங்கை மரத்துப் போயிருந்தது.
அவருக்கு அங்கே
ஆத்தா முகம் லேசாக ஆடியிருக்கும்.

நேற்று கணக்கு முடிந்து
ஆச்சி கோடு போடப் போனார்.
"இன்னும் இருக்கு ஆச்சி, எழுதிக்கிடுங்க.
காலை அஞ்சரைக்கு வாசல் தெளிச்சேன்.
ராத்திரி பதினொண்ணரைக்கு போனை வச்சேன்.
சாப்பிட்ட நேரம், உக்காந்த நேரம் கழிச்சா
பதினாறு மணி நேரம்.
அதுக்கப்புறம் மூணு தடவை எழுந்தது தனி.
இதைப் பத்துல வைக்கிறதா, வரவுலயா?"

பேனா நின்றது.
நின்றபோதே சொல்லிவிட்டேன்:
மத்தியானம் ரெண்டுல இருந்து நாலு எனக்கு.
ராத்திரி ஒன்பதுக்கு மேல எனக்கு.
ஞாயித்துக்கிழமை அரிமளத்துக்குப் பஸ் ஏறிருவேன்.
"விழுந்தாலோ மூச்சு முட்டினாலோ
ஒரு குரல் போதும், ஓடி வருவேன்,
அதுக்குக் கணக்கில்லை.
வெந்நீர் ஃபிளாஸ்க்ல இருக்கும்,
வாக்கர் கைக்கு எட்டும்.
டாக்டரும் நடக்கத்தான் சொல்றாரு."

"வீட்டுப் பிள்ளை மாதிரி வச்சிருக்கேனேடி" என்றார்.
"சாத்தப்பண்ணனும் பிள்ளைதானே ஆச்சி" என்றேன்.

சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும்.
கோடு போடாமலே நோட்டை மூடி
தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

ஒன்பதுக்குப் பெட்டியிலிருந்து
பேட்டரி இரண்டையும் கழற்றி
ஒரு வாளியின் தாளைக் கிழித்து உள்ளே போட்டேன்.
வந்ததிலிருந்து
அந்த வாளிக்கு அதுதான் முதல் வேலை.

பத்தரை இருக்கும். குருவி கத்தவில்லை.
வாக்கர் தட்டும் சத்தம்.
டக்.
கொஞ்சம் நின்று, டக்.
எண்ணினேன், ஒன்பது வரை.
என் கால் தானாக எழப் பார்த்தது,
இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

தூக்கம் வரவில்லை.
வராவிட்டால் போகட்டும்,
இந்த விழிப்பு என்னோடது.

ஃபிளாஸ்க் மூடி திருகும் சத்தம் பாதியில் நின்றது.
சரியாக மூடவில்லை.
விடிவதற்குள் ஆறிப்போகும்.
ஆறட்டும்,
அது அஞ்சரை மணி வேலை.