மான் தின்ற அட்டவணை

விடிய முதல் பஸ்ஸில் வந்திறங்கினார்கள்
பதுளையிலிருந்து அக்காவும் தங்கச்சியும்.
ஜெயரதியின் கையில் கோடு போட்ட தாள்.
ஆறரைக்குக் கோணேசர்.
எட்டேகாலுக்கு நிலாவெளி, அங்கிருந்து
புறாத்தீவுக்கு வள்ளம்.
பன்னிரண்டுக்குச் சாப்பாடு, மீன்.
மார்பிள் கடற்கரைக்கு நாற்பது நிமிசம்.
நாற்பதுக்குக் கீழே இரண்டு கோடு.

"நானா, இந்தப்படி போனா முடிஞ்சிருமா?"
முடியும் என்றேன்.
முடியாது என்கிற ஓட்டோவை
இந்த ஊரில் ஆரும் மறிக்கமாட்டார்கள்.

கோட்டைக்குள் மான்களுக்கு
வரிசை கிடையாது.
அர்ச்சனைத் தட்டு விற்கிறவளின் கூடையை மோந்து,
தேங்காய் வேண்டாமென்று முகத்தைத் திருப்பி,
ஒரு கொம்பு முறிந்த மான்
ஜெயரதியின் தாளைப் பிடித்து இழுத்தது.
அவள் விடவில்லை.
அதுவும் விடவில்லை.
மயூரி படம் எடுத்தாளே தவிர
அக்காவின் உதவிக்குப் போகவில்லை.

நிலாவெளியை முதலில் மென்றது.
பிறகு புறாத்தீவை, வள்ளத்தோடு.
மத்தியான மீனை, சைவமென்றும் பாராமல்.
மார்பிளை அதன் இரண்டு கோட்டோடும்.
அவள் விரலிடுக்கில் மிஞ்சியது
ஒரு மூலை:
கன்னியா.
நேரம் மானின் வயிற்றுக்குள்.

கோயிலில் எவ்வளவு நேரம் நின்றார்களோ
எனக்குத் தெரியாது.
பாறையின் அடியில் கடல் இடிக்கிற சத்தத்தில்
பின்சீற்றில் கால் நீட்டித் தூங்கிப்போனேன்.
எழுப்பும்போது வெயில் ஏறியிருந்தது.
ஒருத்தரும் மணிக்கூட்டைப் பார்க்கவில்லை.

கன்னியாவில் ஏழு கிணறு.
"எது ரொம்பச் சூடு?"
பதினொரு வருசமாய் எனக்குப் பாடமான பதில்:
நாலாவது.
கொழும்பாருக்கும் அதுதான், வெள்ளைக்காரருக்கும் அதுதான்.
ஆர் போய்ச் சரிபார்க்கப் போகிறார்கள்?

மயூரி போனாள்.
நாலாவதில் வாளியை விட்டு அள்ளி
காலில் ஊற்றி
என்னைத் திரும்பிப் பார்த்தாள்.
"நானா, இது ஆறிப்போன டீ."

செருப்பைக் கழற்றினேன்.
காற்சட்டையை முழங்காலுக்கு மடித்தேன்.
கிண்ணியாவிலிருந்து நாள்தோறும் வந்து
இந்த வாசலில் காத்துக்கிடந்தவன்
முதல்தரம் உள்ளே போய்
ஒவ்வொரு கிணறாய் அள்ளி ஊற்றினேன்.
ஒன்றில் துள்ளிவிட்டேன்.
இரண்டு பேரும் சிரித்தார்கள்,
பக்கத்தில் குளித்த ஹொரவப்பொத்தானைக் குடும்பமும்.
கூடச் சூடு எதுவென்று இப்போது எனக்குத் தெரியும்.
சொல்லமாட்டேன்.

பின்னேரம் டச்பே.
பொடியன்கள் அடித்த பந்து கடலுக்குள் போனால்
அவுட்டா ஆறா என்று
இருட்டும்வரை சண்டை.
கச்சான் காற்று மணலை எங்கள் கடலைச் சுருளுக்குள் கொட்டியது.
அவர்களின் அம்மா கோல் எடுத்தார்:
"என்னென்ன பாத்தீங்க?"
ஜெயரதி கொஞ்சம் யோசித்தாள்.
"ஒரு மானைப் பாத்தோம்மா" என்றாள்.
மேலே சொல்ல வாயெடுத்து
கடலைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டாள்.
அந்தப் பக்கம் ஹலோ ஹலோ என்று கேட்டது.

ஒன்பதரை பஸ்ஸுக்கு ஏற்றிவிட்டேன்.
தந்த காசுக்குள் மடிந்து
அந்தத் தாள்மூலையும் வந்துவிட்டது.
கண்ணாடி இடுக்கில் செருகியிருக்கிறேன்,
ஓரத்தில் பல் பதிந்தபடி.
ஏறுகிறவர்கள் கேட்கிறார்கள்,
என்ன நானா இது, ரசீதா?